எரிகிற காலுக்கு நெருப்புச் சுடுவதில்லை

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் மலையில் முதியவர்களின் கால் வலிக்கெல்லாம் ஒரே காரணம்தான் சொல்லப்படும்: குளிர் ஏறிவிட்டது. கோத்தகிரியைச் சுற்றியுள்ள, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலும், குன்னூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலும், உறைபனி விழும் உதகைச் சரிவுகளிலும் இதே பேச்சுதான். காரணம் ஒன்றாகிவிடுவதால் மருந்தும் ஒன்றாகிவிடுகிறது. வெந்நீரில் காலை வைப்பார்கள், நெருப்புச் சட்டிக்கு அருகில் நீட்டுவார்கள், நீலகிரித் தைலத்தைத் தேய்த்துக் கம்பளியால் சுற்றிக்கொள்வார்கள். கிராம சுகாதாரச் செவிலியராக இந்தச் சரிவுகளில் ஏறி இறங்கி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். அந்த வலிகளில் கணிசமானவை குளிரால் வந்தவை அல்ல, நரம்பு கெட்டதால் வந்தவை. நரம்பு கெட்ட காலுக்குச் சூட்டைப் போல ஆபத்தானது வேறொன்றும் இல்லை.

இதை வீடுகளில் சொல்லும்போது யாரும் எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. இரவெல்லாம் எரிகிறது, குத்துகிறது என்று அழுகிற காலுக்கு உணர்வு இல்லை என்று சொன்னால், உணர்வில்லாத காலில் வலி எப்படி வரும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த நோயின் இயல்பே அந்த முரண்தான். வெளியிலிருந்து வரும் செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்ல முடியாமல் போன அதே நரம்பு, வராத செய்தியைத் தானே உண்டாக்கி அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதனால் ஒரே கால் இரவில் நெருப்பில்லாமல் எரிகிறது, பகலில் நெருப்பில் வைத்தாலும் சுடுவதை அறியாமல் இருக்கிறது.

என் அம்மாவுக்கு இது வந்தபோது அவருக்கு எழுபது வயது கடந்திருந்தது. இலங்கையின் மலைநாட்டில் பிறந்து, 1964 ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. அங்கும் கொழுந்து, இங்கும் கொழுந்து. கால் முழுக்கத் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்றே தேய்ந்தது என்று அவர் சொல்வார். சர்க்கரை நோய் இருப்பது தெரிந்து மாத்திரை எடுக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. முதலில் விரல் நுனிகளில் மதமதப்பு என்றார். பிறகு பாதம் முழுவதும் தடித்த துணி சுற்றியிருப்பதாகத் தோன்றுகிறது என்றார். எரிச்சல் அதற்குப் பிறகுதான் வந்தது. போர்வையின் ஓரம் பட்டாலே காலை இழுத்துக்கொள்வார்; ஆகவே எலும்பைத் துளைக்கும் அந்தக் குளிரில் கழுத்து வரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு இரண்டு பாதங்களை மட்டும் வெளியே நீட்டியபடி படுத்திருப்பார். "பாப்பா, பாதத்துக்குள்ள யாரோ மொளகாய அரச்சி வெச்ச மாதிரி இருக்குடி" என்று ஒரு நள்ளிரவில் சொன்னார். அடுத்த நாள் காலையில், அடுப்பிலிருந்து தெறித்து விழுந்த கங்கின் மீது அதே பாதத்தை வைத்து நின்றுகொண்டு, தேநீருக்குச் சர்க்கரை போடட்டுமா வேண்டாமா என்று என் தம்பியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். தோல் கருகும் வாடை வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அவருக்கு அப்போதும் தெரியவில்லை.

இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க, நரம்பின் நீளத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கால் விரலின் உணர்வைத் தாங்கிச் செல்லும் நரம்பிழை இடுப்புக்குப் பின்னால் முதுகுத்தண்டை ஒட்டியுள்ள உயிரணுவிலிருந்து புறப்பட்டு விரல் நுனி வரை, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. அந்த முழு நீளத்துக்கும் வேண்டிய சத்து அந்த ஒரே உயிரணுவிலிருந்துதான் போக வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்து, நரம்புக்கு உணவூட்டும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களும் நரம்பிழையும் நாள்பட்டுக் கெடும்போது, முதலில் நலிவது மிக நீளமான இழையின் கடைசி நுனிதான். அதனால்தான் இந்த நோய் வழக்கமாக இரண்டு கால்களின் விரல்களிலும் தொடங்கி, காலுறை அணியும் பகுதி வழியாக மேலேறி, முழங்காலை நெருங்கும் சமயத்தில் கைவிரல்களைத் தொடுகிறது. ஒரு காலில் மட்டும் திடீரென்று தொடங்கினால், அது பெரும்பாலும் வேறு நோய்.

நரம்பிழைகளிலும் பல வகை உண்டு. தொடுதலையும் அதிர்வையும், மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சொல்பவை தடித்த இழைகள். வலியையும் சூட்டையும் குளிரையும் சொல்பவை மெல்லிய இழைகள்; அவற்றில் மிக மெல்லியவற்றில் செய்தி நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. இந்த மெல்லிய இழைகள் கெடும்போது, தூண்டுதல் எதுவும் இல்லாமலே அவை துடிக்கத் தொடங்கிவிடுகின்றன. தொடர்ந்து வரும் அந்தப் பொய்ச் செய்தியால் முதுகுத்தண்டும் மூளையும் கூருணர்வு அடைந்து, சாதாரணத் தொடுதலைக்கூட வலியாக எடுத்துக்கொள்கின்றன. போர்வை பட்டாலே சுடுவதற்கு இதுதான் காரணம். இரவில் கூடுவதற்கோ, பகலில் கவனத்தை இழுக்கும் வேலையும் பேச்சும் அப்போது இல்லாமல் போவதும் ஒரு காரணம்.

எங்கள் அம்மாவின் காலை அரசு மருத்துவமனையில் ஒரு இளம் மருத்துவர் சோதித்த விதத்தை அருகில் நின்று பார்த்தேன். கருவி என்று பெரிதாக எதுவும் இல்லை. சிறிய கைப்பிடி ஒன்றின் முனையில் பொருத்திய நைலான் இழை. 10 கிராம் விசை பட்டதும் வளைந்துகொடுக்கும்படி அதன் தடிமன் அளவிடப்பட்டிருக்கும். அதைப் பாதத்தின் மீது செங்குத்தாக வைத்து, இழை வளையும் வரை அழுத்தி, ஒரு நொடி கழித்து எடுக்க வேண்டும்; காய்ப்பு ஏறிய இடத்தில் வைக்கக் கூடாது. அம்மாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, "படுறப்பல்லாம் 'ம்' சொல்லுங்க பாட்டி" என்றார் மருத்துவர். பெருவிரலின் அடியில், சுண்டுவிரலுக்குக் கீழே, பாதத்தின் முன்மேட்டில் என்று அவர் ஒவ்வோரிடமாக அழுத்தி எடுத்துக்கொண்டே வந்தார். அம்மா அமைதியாக இருந்தார். இரண்டு பாதங்களும் முடிந்த பிறகு, கண்ணைத் திறக்காமலே, "எப்ப தம்பி ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார். பிறகு மருத்துவர், அதிர்வு தெரிகிறதா என்று பார்க்க, 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிப் பெருவிரல் எலும்பில் வைத்தார், தெரியவில்லை. கணுக்காலில் வைத்தார், ஏதோ இருக்கிறது என்றார் அம்மா. முழங்காலில் வைத்ததும் கூச்சம் வந்து சிரித்துவிட்டார். நரம்பு எந்த அளவுக்கு இறந்திருக்கிறது என்பதை நான் அன்று அந்தச் சிரிப்பை வைத்துத்தான் அளந்துகொண்டேன்.

இவ்வளவு எளிய சோதனை ஆண்டுக்கொரு முறையாவது ஒவ்வொரு சர்க்கரை நோயாளிக்கும் செய்யப்பட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023 இல் வெளியான கணக்கெடுப்பு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேருக்கு மேல் என்கிறது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது நரம்புச் சேதம் வரும். ஆனாலும் சர்க்கரை எவ்வளவு என்று கேட்கிற நாம், செருப்பைக் கழற்றுங்கள் என்று சொல்வதில்லை. நுணுக்கமான மின்சோதனை வசதி இல்லையே என்று வருந்தவும் தேவையில்லை. நரம்பில் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் அந்தச் சோதனை தடித்த இழைகளை மட்டுமே அளக்கிறது. மெல்லிய இழைகள் மட்டும் கெட்ட ஒருவருக்கு அதில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் முடிவு வரும். கோயம்புத்தூர் வரை மலையிறங்கிப் போய், பணம் கட்டி, 'நார்மல்' என்று எழுதிய தாளோடு திரும்பிவந்த ஒரு பெரியவரை, வீட்டில் உள்ளவர்கள் நடிக்கிறார் என்றே முடிவு கட்டிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவர் அதற்குப் பிறகு வலியைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். பேச்சு நின்றதை வலி நின்றதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

சர்க்கரை ஒன்றே காரணம் என்று இருந்துவிடவும் கூடாது. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம்; அமிலத்தைக் குறைக்கும் வயிற்று மாத்திரையைத் தினமும் போடுபவர்களுக்கும் அப்படியே; வயதானால் குடல் அதை உறிஞ்சும் திறனும் குறைகிறது. அம்மா பல் போன பிறகு கறியையும் கருவாட்டையும் விட்டுவிட்டு, ரொட்டியும் தேநீருமாகப் பொழுதைக் கழித்துவந்தவர். சோதித்தபோது பி12 மிகவும் குறைந்திருந்தது. ஊசி போட்ட சில மாதங்களில் மதமதப்பு ஓரளவு குறைந்தது. இதைச் சொன்னதும், மருந்துக் கடைக்குப் போய் 'நரம்பு ஊசி' வாங்கிப் போட்டுக்கொள்ளக் கிளம்பிவிட வேண்டாம். குறைவு இருப்பவருக்குத்தான் அது மருந்து. அந்தக் கூட்டு மாத்திரைகளில் சேரும் பி6 அளவுக்கு மிஞ்சி நெடுங்காலம் உள்ளே போனால், அதுவே நரம்பைக் கெடுக்கும். குடி, சிறுநீரகப் பழுது, தைராய்டு குறைவு, புற்றுநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள், காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட் என்று பட்டியல் நீளும். தொழுநோயையும் மறக்கக் கூடாது. தோலில் வெளிறிய, உணர்வற்ற தேமல் ஒன்று கண்ணில் பட்டால் உடனே காட்ட வேண்டும்.

சத்துக் குறைவால் நரம்பு கெடும் என்பதை ஆராய்ந்த வரலாறு எங்கள் மலைக்கே உரியது என்பது இங்குள்ளவர்களுக்கே அதிகம் தெரியாது. குன்னூரின் பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில், 1918 இல், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். பெரிபெரி என்பது வைட்டமின் பி1 இல்லாததால் நரம்பும் இதயமும் தளரும் நோய். தீட்டிய அரிசியையே தின்னக் கொடுத்த புறாக்கள் நரம்பு தளர்ந்து விழுவதை அவர் பார்த்துப் பார்த்து எழுதினார். அந்த ஓரறை ஆய்வு வளர்ந்து, 1928 இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாகி, 1958 இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதன் தொடர்ச்சிதான். சிம்ஸ் பூங்காவுக்குப் போகிற கூட்டத்தில் ஒருவர்கூட, எதிரே நிற்கும் அந்தப் பாஸ்டர் நிலையக் கட்டடங்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது என் தனிப்பட்ட குறை.

உணர்வின்மைதான் உறுப்பை அழிக்கிறது என்ற பாடத்தை உலகத்துக்குச் சொன்னவரும் ஒரு தமிழ்நாட்டு மலையில் பிறந்தவர். கொல்லிமலையில் 1914 இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராக இருந்தபோது, தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை என்று காட்டினார். வலி தெரியாததால் அவர்கள் சூடான பாத்திரத்தைப் பிடித்தார்கள், காயத்தின் மீதே நடந்தார்கள், தூங்கும்போது எலி கடித்ததைக்கூட அறியவில்லை. அப்படித்தான் விரல்கள் போயின. அவருடைய காலத்தில் வேலூரில் உருவான நுண்துளை ரப்பர் செருப்பைத்தான் இன்றும் எம்.சி.ஆர். செருப்பு என்று சொல்கிறோம். அது தொழுநோயாளிக்கு மட்டுமான செருப்பு என்று எண்ணிப் பலர் அணியக் கூச்சப்படுகிறார்கள். சர்க்கரை நோயால் உணர்விழந்த பாதத்துக்கும் அதுவே பொருந்தும். அம்மா முதலில் "ஊரு என்ன நெனைக்கும்" என்று மறுத்தார்; சாதாரணச் செருப்பின் மேல்பாகத்தோடு தைத்துக் கொடுத்த பிறகு அணிந்துகொண்டார்.

முதுமையில் காலில் வரும் நரம்பு வலிகளில் இன்னொன்று முதுகிலிருந்து வருவது. எலும்பும் தசைநாரும் தடித்து, முதுகுத்தண்டின் உள்வழி குறுகி, காலுக்குப் போகும் நரம்பு வேர்களை நெருக்கும். சமவெளியில் இதைக் கண்டுபிடிக்க நிறையக் கேள்வி கேட்க வேண்டும். மலையிலோ பாதையே சொல்லிவிடும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர், கவ்வாத்துக் கத்தியோடு வாழ்ந்தவர், கடை வீதியிலிருந்து வீட்டுக்கு மூட்டையோடு ஏறிவருவார். வீட்டிலிருந்து வெறுங்கையோடு கடை வீதிக்கு இறங்கும்போதுதான் இரண்டு இடங்களில் உட்கார்ந்து கால் மரத்ததைத் தேய்த்துக்கொள்வார். ஏறும்போது உடல் முன்னால் சாய்கிறது, உள்வழி சற்று விரிகிறது. இறங்கும்போது முதுகு பின்னால் வளைகிறது, உள்வழி இறுகுகிறது. ஏறும்போது கெண்டைக்கால் இறுகி நின்றுவிட வேண்டியிருந்தால் அது இரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். அந்த இரண்டுக்கும் மருத்துவமே வேறு. ஏற முடிகிறவருக்கு இறங்க என்ன கேடு என்று அவருடைய மருமகள் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

அக்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் நேரம் மிக முக்கியம். சிறு வயதில் வந்துபோன சின்னம்மையின் கிருமி நரம்பின் வேர்முடிச்சில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, முதுமையில் எதிர்ப்பாற்றல் குறையும்போது விழித்துக்கொண்டு, உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளங்களைக் கிளப்புகிறது. ஊர்களில் குயவரிடம் போய்க் காவி மண்ணைக் குழைத்து 'அக்கி எழுதிக்கொள்ளும்' வழக்கம் இன்றும் இருக்கிறது. காவி குளிர்ச்சியாக இருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற கிருமி மருந்தைத் தொடங்கினால்தான் முழுப் பலன் கிடைக்கும். எழுதுபவரைத் தேடி, நல்ல நாள் பார்த்து, மூன்று நாள் எழுதி முடிப்பதற்குள் அந்த நேரம் போய்விடுகிறது. என் பெரியம்மாவுக்கு அப்படித்தான் போனது. கொப்புளம் ஆறி வடு மட்டும் மிஞ்சிய பிறகும், விலாவில் ரவிக்கைத் துணி உரசினால் துடிப்பார். மூன்று மாதங்களுக்கு மேலும் நீடிக்கும் அந்த வலி, வயது ஏற ஏற வருவதற்கும் தங்குவதற்கும் வாய்ப்பு அதிகம். 50 வயதைக் கடந்தவர்களுக்கு இதற்கென்று இரண்டு தவணைத் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. விலைதான் கூலிக்காரருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

இனி மருந்து. மருந்துக் கடையில் 'வலி மாத்திரை' என்று கேட்டால் கிடைக்கும் டைக்ளோஃபெனாக் வகைகள் வீக்கத்தால் வரும் வலிக்கானவை. நரம்பு தானே உண்டாக்கும் வலியை அவை அநேகமாகத் தொடுவதே இல்லை. முதியவரின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் மட்டும் தொடுகின்றன. நரம்பு வலிக்குப் பயன்படுபவை வேறு. மன அழுத்தத்துக்கென்று வந்த அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின். வலிப்புக்கென்று வந்த கபாபென்டின், அதன் உறவான பிரிகாபலின். சீட்டைப் பார்த்துவிட்டு, "எனக்கென்ன பைத்தியமா, காக்காய் வலிப்பா?" என்று மாத்திரையை அப்படியே வைத்துவிட்டவர்கள் உண்டு. நரம்பின் மிகைத் துடிப்பை அடக்குவது இவற்றின் பொதுவான வேலை என்பதை எழுதிக் கொடுப்பவர் ஒரு நிமிடம் நின்று சொன்னால் போதும்.

இவையும் மாயம் செய்வதில்லை. 2015 இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு சொல்வதைப் பார்த்தால், பிரிகாபலினை ஏழெட்டுப் பேருக்குக் கொடுத்தால்தான், மருந்தில்லாத வெற்று மாத்திரையில் கிடைப்பதற்கும் மேலாக ஒருவருக்கு வலி பாதியாகக் குறைகிறது. அமிட்ரிப்டிலின் வகையில் கணக்கு இதைவிட நன்றாக இருக்கிறது, மூன்று நான்கு பேருக்கு ஒருவர். ஆனால் முதியவர்களுக்கு அதுதான் அதிகத் தொல்லை தருகிறது: வாய் உலர்கிறது, மலம் இறுகுகிறது, புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்கிறது, எழும்போது தலை சுற்றுகிறது. அதனால் இரவில் 10 மில்லிகிராம் என்ற சிறு அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் பார்த்துப் பார்த்துத்தான் கூட்ட வேண்டும். பிரிகாபலினில் மயக்கமும் கால் வீக்கமும் உண்டு. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அளவைக் குறைத்தாக வேண்டும். இரண்டு நாள் போட்டுப் பார்த்தேன், கேட்கவில்லை என்று விட்டுவிடுவதும் கூடாது. நன்றாக இருக்கிறது என்று திடீரென்று நிறுத்துவதும் கூடாது.

அம்மாவுக்கு அமிட்ரிப்டிலின் தூக்கத்தைக் கொடுத்தது. கூடவே நள்ளிரவில் கழிவறைக்குப் போகும்போது தள்ளாட்டத்தையும் கொடுத்தது. எங்கள் வீட்டில் கழிவறை, பின்கட்டுப் படிகளில் இறங்கி, ஈரப் பாறையைத் தாண்டிப் போக வேண்டிய இடத்தில் இருக்கிறது. மருத்துவர் அதை நிறுத்திவிட்டுப் பிரிகாபலினைக் குறைந்த அளவில் தொடங்கினார். இப்போது வலி போய்விட்டதா என்று யாராவது கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். இரவில் தொடர்ந்து சில மணி நேரம் தூங்குகிறார், போர்வையைப் பாதத்தின் மீது போட்டுக்கொள்கிறார். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த தொடக்க மாதங்களில் எரிச்சல் கூடியபோது, ஊசிதான் காரணம் என்று சொல்லி இன்சுலினையே நிறுத்தப் பார்த்தார். சர்க்கரை மிக வேகமாக இறங்கும்போது சிலருக்கு அப்படி ஆவதுண்டு, பிறகு தணியும் என்று நானே பலமுறை சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து, மாதாமாதம் பேருந்துக்குக் காத்து நிற்கும் பாடு குறைந்திருக்கிறது. வருகிறவரிடம் மாத்திரையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாமல், "சிஸ்டர், காலக் கொஞ்சம் பாருங்க" என்று அம்மாவைச் சொல்லப் பழக்கியிருக்கிறேன்.

தைலத்தைப் பற்றி இங்கே நான் எதிராக எழுதினால் ஊரே என்னைத் தள்ளிவைத்துவிடும், எழுதவும் தேவையில்லை. தேய்க்கும்போது வலி குறைவது உண்மைதான். 1965 இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவர் முன்வைத்த கருத்துப்படி, தடித்த இழைகளின் வழியாக வரும் தொடுதல் செய்தி, முதுகுத்தண்டில் வலிச் செய்தியின் வழியை அடைக்கிறது. ஆகவே தேய்க்கிற கைக்கே பாதிப் புகழ் சேர வேண்டும். ஆனால் தைலம் பூசிய காலை நெருப்புக்குக் காட்டக் கூடாது, சூடான துணியால் கட்டக் கூடாது, வெடிப்பும் புண்ணும் உள்ள இடத்தில் தடவக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், இலையிலிருந்து வடிக்கும் விண்டர்கிரீன் தைலத்தை அள்ளித் தேய்ப்பது ஆபத்து. அதிலுள்ள சாலிசிலேட் தோல் வழியாக உள்ளே போய் இரத்தக்கசிவை உண்டாக்கலாம்.

வெந்நீர் விஷயத்தில் எங்கள் வீட்டில் வைத்திருக்கும் விதி கடுமையானது. அம்மா தன் காலுக்கான நீரைத் தானே பதம் பார்ப்பதில்லை; பேத்தி முழங்கையை நனைத்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் கால் உள்ளே போகும். முழங்கைக்கு வெதுவெதுப்பாக இருந்தால் சரி. சுடுநீர்ப் பை படுக்கைக்குள் போகாது. கம்பளிக் காலுறை போகும். காலையில் கம்பூட்ஸுக்குள் கால் நுழையும் முன் கை நுழைந்து தடவிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உள்ளே கிடக்கும் சிறு கல்லோ ஆணியோ மாலை வரை அவருக்குத் தெரியாது. மழைக்காலத்தில் அட்டை கடித்த இடமும் அப்படித்தான். காலுறை இரத்தத்தில் நனைந்த பிறகே நாங்கள் பார்ப்போம், அந்தச் சிறு துளை சீழ் பிடித்தால் என்ன ஆகும் என்பதைப் பணிக்காலத்தில் பார்த்தவள் நான். இரவு படுக்கும் முன் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன் மேல் பாதத்தைத் தூக்கிக் காட்டுவார். அடிப்பாதத்தில் சிவப்போ கொப்புளமோ தெரிந்தால் மறுநாளே மருத்துவமனை.

விழுவதைப் பற்றி மக்கள் கவலைப்படுவது குறைவு. எனக்கு அதுதான் அதிகக் கவலை. மனிதர் நிற்பதற்குக் கண், காதின் உட்பகுதி, பாதம் என்ற மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். பாதம் போனவருக்குக் கண்தான் பெரும் துணை. முகம் கழுவக் கண்ணை மூடியதும் முன்னால் சாய்கிறவர்களைப் பார்த்தால், அவர்களுடைய பாதம் போயிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். எங்கள் மலையில் மூடுபனி இறங்கினால் கண்ணும் போய்விடுகிறது. கண்புரை இருந்தால் கேட்கவே வேண்டாம். எல்லா நரம்பு மருந்தும் கொஞ்சம் மயக்கத்தையும் சேர்த்துத்தான் தருகிறது. இத்தனையும் சேர்ந்து அந்தப் பின்கட்டுப் படியில் ஓரிரவு சந்தித்தால் இடுப்பெலும்பு உடையும். எழுபதைத் தாண்டிய பலருக்கு அதன் பிறகு படுக்கைதான்.

ஆகவே இந்தக் குளிர்காலத்துக்கு முன் இரண்டு வேலைகளைச் செய்தோம். நெருப்புச் சட்டியை அடியோடு எடுத்துவிட அம்மா சம்மதிக்கவில்லை. குளிருக்கு நெருப்பு இல்லாமல் மலையில் எப்படி இருப்பது என்ற அவருடைய கேள்விக்கு என்னிடமும் விடை இல்லை. அறைக்குள் கதவைச் சாத்திக் கரியை எரித்தால் அந்தப் புகையற்ற நச்சுக்காற்றே உயிரை எடுத்துவிடும் என்பதால், சட்டி இப்போது திறந்த திண்ணையில் இருக்கிறது. அதற்கும் அவருடைய நாற்காலிக்கும் நடுவில் முழங்கால் உயரத்துக்குப் பலகை ஒன்றை அடித்து வைத்திருக்கிறான் தம்பி. கையைக் காட்டலாம், கால் போகாது. படிகளுக்கு, இரும்புக் கடையிலிருந்து வாங்கிவந்த பழைய தண்ணீர்க் குழாயை இரண்டு பக்கமும் நட்டு, கீழ்ப்படியின் மேல் ஒரு விளக்கு போட்டாயிற்று. இரவு எழும் முன் விளக்கைப் போட்டுக்கொள்ளும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறோம். மின்கட்டணம் ஏறுமே என்று அவர் இன்னும் முணுமுணுக்கிறார். விசையை அவர் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்து, அந்த விளக்கை மாலையிலேயே போட்டுவிடலாம் என்று நானும் தம்பியும் பேசிக்கொண்டிருக்கிறோம்.